பிளேன் வெளியில் சூடு மிதித்த வருடம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. யாராவது "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் திரும்பி வரும்வரை எனக்கு வயிறு சரியில்லை. தோணி பிந்தினால் தோணி கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பேன். வண்டில் பிந்தினால் மாடு மிரண்டுவிட்டது என்று நினைப்பேன். அப்பா இறந்தபின் வயல்காவலுக்குப் போக ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அங்கே பரணில் தனியே இருந்து யானை வருமோ பன்றி வருமோ என்று காது கொடுத்துக் கேட்டது இந்தப் பழக்கத்தை இன்னும் முற்றவைத்தது.

இப்படிப்பட்டவனுக்குத்தான் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பிளேன் வெளியில் வேலை கிடைத்தது.

வாவிக்கும் எங்கள் வயல் வட்டைக்கும் நடுவே நீளமாகக் கிடந்த மேய்ச்சல் தரவை நிலத்தைப் பட்டாளத்தார் எடுத்து, பற்றை வெட்டி, உருளை இழுத்து, பிளேன் இறங்கும் வெளியாக ஆக்கியிருந்தார்கள். அதன் கிழக்குக் கோடியில் வாவி. மேற்குக் கோடியில் எங்கள் வயல்கள். கிழக்குப் பக்கம் ஓலைக் கொட்டில் ஒன்று. கொட்டிலுக்குள் ஒரு றேடியோப் பெட்டி, ஒரு சாக்குக் கட்டில், பெட்டியைப் பார்த்துக்கொள்ள போர்த்துக்கீசர் வழிவந்த நகரத்துப் பறங்கியர் ஒருவர். அவருக்கு உதவியாக நான். வெளியில் மாடு ஏறினால் துரத்துவது, பிளேன் வரும்போது வண்டில் பாதையில் சிவப்புக் கொடியை நட்டு ஆட்களை நிறுத்துவது, மற்ற நேரம் பெட்டியின் முன்னால் இருந்து கேட்பது. இவைதான் என் வேலை.

பெரிய வெளிகளில் கோபுரம் கட்டியிருப்பார்களாம். அதன் மேலே ஒருவர் இருந்து, நீ இறங்கு, நீ பொறு என்று வானத்தில் நிற்பவனுக்கு உத்தரவு கொடுப்பாராம். எங்களிடம் கோபுரம் இல்லை. இதை ஒருநாள் வீட்டில் சொல்லப்போய் என் மச்சானிடம் மாட்டிக்கொண்டேன். அக்காவின் புருசன் அவர். வாய் சும்மா கிடக்காது.

"அப்ப கோபுரமில்லாத கோயிலுக்கு நீதான் பூசாரியோ?" என்றார். "மணி அடிக்கிறதும் நீயோ, பொங்கல் தின்னுறதும் நீயோ?"

கோபுரம் இல்லாததால் வழக்கம் வேறு. வருகிறவன் தானே சொல்லிக்கொண்டு வரவேண்டும். நான் இன்னான், இன்ன இடத்துக்கு மேலே நிற்கிறேன், இன்ன பக்கத்தால் இறங்கப் போகிறேன். இதைத் தூரத்தில் ஒருதரம், வாவிக்கு மேலே ஒருதரம், திரும்பும்போது ஒருதரம், இறங்கும் தறுவாயில் ஒருதரம் சொல்வான். யாரிடம் சொல்கிறான் என்றால், கேட்கிற எவரிடமும். அந்த நேரம் வானத்தில் வேறு பிளேன் நின்றால் அவன் விலகிக்கொள்வான். கீழே நாங்கள் கேட்டால் மாட்டைத் துரத்துவோம். எவரும் கேட்காவிட்டாலும் அவன் சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டு இறங்கத்தான் வேண்டும்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவரும் ஓம் என்று சொல்லாமல் எப்படி ஒரு மனிதன் இறங்குவான்? எங்களிடம் பேசும் கருவியும் இருந்தது. பொத்தானை அமத்தினால் மேலே கேட்கும். ஆனால் வா என்றோ வராதே என்றோ சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. எவரையும் 'மென்' என்று கூப்பிடும் பறங்கியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நாம உத்தரவு குடுக்கிற ஆள் இல்ல, மென். முடிவு அவன்ட. நீ கேள், மாட்டைத் துரத்து, அவ்வளவுதான்."

எனவே நான் பொத்தானைத் தொடாமல், ஒவ்வொரு அழைப்புக்கும் பெட்டியைப் பார்த்து, "ஓம் ஓம், வா மனே, பாத்து வா" என்று மகனைக் கூப்பிடுவதுபோலச் சொல்லிக்கொள்வேன். பறங்கியர் சிரிப்பார்.

அந்த வருடம் சிறுபோக அறுவடை நல்ல கச்சான் காலத்தில் வந்தது. கச்சான் எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று. சுடச்சுட வரும், உதடு வெடிக்கும், வாவித் தண்ணீர் கரையைவிட்டுப் பின்வாங்கும். பிளேன் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். ஆகையால் கச்சான் வீசும் மாதங்களில் எல்லாப் பிளேனும் வாவிப் பக்கத்தால் வந்து, கிழக்குக் கோடியில் தரை தொட்டு, வெளியின் பாதியிலேயே நின்றுவிடும். மேற்குக் கோடிக்கு ஒன்றும் வராது.

அந்த மேற்குக் கோடியில்தான் முன்பு எங்கள் ஆட்களின் களவெட்டி இருந்தது. அறுத்துக் குவித்த கதிரை, அதாவது சூட்டை, எருமைகள் விட்டு மிதிக்கும் களத்தை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம். மச்சானின் தகப்பன் காலத்துக்கு முன்னிருந்தே அதே இடம். பட்டாளத்தார் உருளை இழுத்தபோது அதுவும் வெளிக்குள் போய்விட்டது. களவெட்டியின் இடத்தை நினைத்தபடி மாற்றுவதில்லை. சடங்கு செய்து நடுவில் காவல் பொருட்களை ஒருமுறை புதைத்த நிலம் அது. மச்சானின் தகப்பன், எனக்கு மாமா, பிடிவாதமாக நின்றார்.

"அவன்ட பிளேன் வராத மூலை. எங்கட களவெட்டி நிலம். உருளையும் இழுத்து விட்டிரிக்கான், சீமெந்து மாதிரிக் கிடக்கு. ஒரு கிழமைக்கு என்ன வந்தது?"

பறங்கியரும் காற்றைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ஒரு கிழமைதான், மென். கச்சான் நிக்கிற வரைக்கும் அவன்கள் இந்தப் பக்கத்தாலதான் வருவான்கள். பெரிய தொரை வாற மாசம்தான் வருவார்."

எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எனக்கு மட்டும் வயிறு சரியில்லை.

களவெட்டிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது. பெண்கள் வருவதில்லை. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். மாட்டுக்கும் சாக்குக்கும் கடகத்துக்கும்கூட அங்கே வேறு பெயர்கள். இல்லை, முடிந்தது, போ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. பூதம் கேட்டுக்கொண்டிருந்து பொலியை அள்ளிப்போய்விடும் என்பதால்தான் இவ்வளவும். இன்னொன்று: பொலி தூற்றிக் குவிக்கும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக்கூடாது. கூப்பிடுவது மனிதன்தானா என்று எப்படித் தெரியும்?

முதல் இரண்டு நாளும் நான் ஒவ்வொரு பிளேனுக்கும் கொட்டிலிலிருந்து ஓடிப்போய் அவர்களைக் கலைத்தேன். அவர்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி நிற்பார்கள். பிளேன் வாவிப் பக்கத்தால் வந்து, பாதி வெளியில் நின்று, அப்படியே திரும்பிப் போகும். ஒருதரம் நான் பார்த்தது பிளேன்கூட இல்லை, உயரத்தில் நின்ற பருந்து.

"உனக்குக் காகம் பறந்தாலும் பிளேன்தான்," என்றார் மச்சான். "உன்ட பயத்துக்கு நாங்க ஓடி ஓடிப் பொலி குறையுது மச்சான். இனி நீ கூப்பிடு, ஆரும் திரும்பிப் பாக்கமாட்டம். களவெட்டிச் சட்டம். என்னப்பா?"

மாமா ஓம் என்று தலையாட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் என்னைப் போல் கையை விரித்துக்கொண்டு ஓடிக் காட்டினான்.

மூன்றாம் நாள் காலை, அக்கா வீட்டு வாசலில் நின்று என்னை மறித்தாள். ஏழாம் மாதம் அவளுக்கு.

"தம்பி, இண்டைக்கு அவர்தான் மேல ஏறித் தூத்துற. அந்த ஆள் ஒண்டையும் பாக்கமாட்டார். நீ பாத்துக்கொள்ளு கா."

"நான் பாக்கிறதுக்குத்தானே சிரிக்கிறாங்க அக்கா."

"சிரிக்கட்டும். நீ பாரு."

அன்றைக்குப் பறங்கியருக்குக் காய்ச்சல். மலேரியா, விட்டு விட்டு வரும் காய்ச்சல். கட்டிலில் சாக்கால் போர்த்து நடுங்கிக்கொண்டு கிடந்தார். பெட்டியின் முன்னால் நான் மட்டும். மத்தியானம் கழிந்ததும் ஏதோ ஒன்று குறைந்ததுபோல இருந்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது, ஓலை சரசரக்கவில்லை. கச்சான் விழுந்துவிட்டது.

காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பையைக் கச்சான் ஏற்கெனவே கிழித்துப்போட்டிருந்தது. புதிது இன்னும் வரவில்லை. நான் வெளியே போய் விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே வந்தேன். திரும்பவும் போனேன். அப்போது வாவிப் பக்கமிருந்து முதுகில் குளிராக ஒன்று பட்டது. கடற்காற்று.

வெளியின் மறுகோடியைப் பார்த்தேன். அங்கே அவர்களும் காற்றுக்குத்தான் காத்திருந்தார்கள். காற்றில்லாமல் தூற்ற முடியாது. காற்று வந்ததும் உயரமான முக்காலியைத் தூக்கித் திருப்பி வைத்து, மச்சான் ஏறிவிட்டார். கடகத்தைத் தலைக்கு மேலே தூக்கிச் சரித்தார். பதரும் தூசும் பொன்னிறமாக எழும்பி மேற்கே, வயல்பக்கமாகப் பறந்தது. நேற்றுவரை அது என்னை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

அப்போதும் நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன், இன்றைக்குப் பிளேன் வராது என்று.

பெட்டி கரகரத்தது. தூரத்து அழைப்பு. நான் இன்னான், கடலுக்கு மேலே நிற்கிறேன், உங்கள் வெளியில் இறங்கப் போகிறேன். எனக்குப் பழகிய குரல்தான். "ஓம் ஓம்," என்றேன். கொடியை எடுத்து வைத்துக்கொண்டேன். பொறு, வாவிப் பக்கத்தால் வருவான், வழமைபோல வருவான்.

இரண்டாம் அழைப்பு வாவிக்கு மேலேயிருந்து வந்தது. இங்கிலீசு எனக்கு அவ்வளவு ஓடாது. ஆனால் இந்தச் சொற்களை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எது எங்கே வரும் என்று தெரியும். இந்தமுறை வரவேண்டிய இடத்தில் வேறு சொற்கள் வந்தன. தூசு என்றான். மேற்கே பறக்கிறது என்றான். காற்றுத் திரும்பிவிட்டது, நான் சுற்றிப்போய் மேற்குக் கோடியால் இறங்குகிறேன் என்றான்.

அவனுக்குக் காற்றின் திசையைக் காட்டியது என் மச்சான் தூற்றிய பதர். அந்தப் பதருக்குக் கீழே ஆட்கள் நிற்பது அவனுக்குத் தெரியாது. அவ்வளவு உயரத்தில் அது தூசு, அவ்வளவுதான்.

"சேர்! சேர்! மேற்கால வாறான்!"

பறங்கியர் எழும்பப் பார்த்தார். ஒரு காலை நிலத்தில் வைத்தார், அப்படியே சரிந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பல் அடித்தது. "சொல்லு, மென்," என்றார். "இரிக்கிறதைச் சொல்லு. வராதே எண்டு சொல்லாத."

நான் பொத்தானில் கையை வைத்தேன். மேலே இருப்பவன் எப்படிச் சொல்வானோ அப்படியே சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றியது. முதலில் எங்கள் வெளியின் பெயரைச் சொன்னேன். பிறகு, மேற்கே ஆட்களும் எருமைகளும் என்று சொல்ல நினைத்து, "வெஸ்ட் சைட் மேன். மெனி மேன். பவலோ." இன்னொருதரம், "வெஸ்ட் சைட் மேன்." பொத்தானை விட்டேன். பெட்டி இரைந்தது. பதில் இல்லை. ஒருவேளை என் சத்தம் போகவே இல்லை. ஒருவேளை என் இங்கிலீசு அவனுக்கு விளங்கவில்லை. ஒருவேளை பொத்தானைச் சரியாக அமத்தவில்லை.

கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த வெளி அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இடதுபக்கம் பிளேன் சுற்றிப்போகும் சத்தம். ஒரு நேரம் கிட்டக் கேட்டது, ஒரு நேரம் கேட்கவே இல்லை. கேட்காதபோதுதான் அதிகம் பயந்தேன். குரல் கேட்கும் தூரம் வந்ததும் கத்தினேன்.

"மச்சான்! பிளேன் வருகுது! இஞ்சாலதான் வருகுது! இறங்குங்க!"

ஒருவரும் திரும்பவில்லை.

"மாமா! காத்துத் திரும்பிட்டு! மேற்கால வாறான்!"

மாமா குவியலை விளக்குமாற்றால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் கை ஒருகணம் நின்றது. பிறகு மறுபடி ஒதுக்கியது. மாடுகள் ஓரத்தில் கட்டப்பட்டு நின்று அசைபோட்டன. மச்சான் முக்காலியின் மேலே நின்று என்னை நன்றாகப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். கடகத்தைச் சரித்து, "பொலியோ பொலி!" என்று குரல் கொடுத்தார். மற்றவர்களும் சேர்ந்து, "பொலி! பொலி!" என்றார்கள், என் சத்தத்தை மூடுவதற்காகவே.

வயலின் அந்தப் பக்கம், மருத மரங்களுக்கு மேலே, பிளேன் திரும்பி நேராகிவிட்டது. சில்லுகள் தொங்கியது தெரிந்தது. அவர்கள் எல்லாரும் குவியலைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தப் பக்கம் முகம் வைத்து நின்றது நான் ஒருவன்தான்.

அக்காவின் முகம் வந்தது. வேறொன்றும் யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. செருப்புக் காலோடு களவெட்டிக்குள் ஏறினேன். நேரே குவியலின் மேலே ஏறினேன். முழங்கால்வரை பொலி புதைந்தது. கொடிக் கம்பை உச்சியில் குத்தி நட்டேன். அங்கே சொல்லக்கூடாத சொல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

"இல்ல! நெல்லும் இல்ல, ஒண்டும் இல்ல, முடிஞ்சுது! போங்க! போங்க!"

பொலிச் சத்தம் நின்றது.

மச்சான் முக்காலியிலிருந்து குதித்தார். நான் பார்த்திராத முகம் அது. வைக்கோல் கிளறும் கம்பை எடுத்துக்கொண்டு, "அடே!" என்று வந்தார். அவருக்குப் பின்னால் மாமா விளக்குமாற்றோடு. அவருக்குப் பின்னால் எல்லாரும். எனக்கு அடி என்றாலும் பயம்தான். வரம்பால் பாய்ந்து அறுத்த வயலுக்குள் ஓடினேன். ஒருவர் மிச்சமில்லாமல் அவ்வளவு பேரும் என்னை அடிக்க ஓடிவந்தார்கள். களவெட்டி வெறுமையாகியது.

முதல் அடி தோளில் விழுந்த நேரம் சத்தமும் தலைக்கு மேலே வந்துவிட்டது. எல்லாரும் அறுத்த நெல்தாள் குத்தக் குத்த முகம் குப்புற விழுந்தோம். வயிறு தெரிய, எண்ணெய் மணக்க, கொடிக்குச் சற்று மேலே அது போனது. தரை தொடவில்லை. மூக்கை நிமிர்த்திப் பெரிய இரைச்சலோடு ஏறியது. எருமைகள் கட்டறுத்துக்கொண்டு வாவியை நோக்கி ஓடின.

பிறகு பதர் மட்டும் எங்கள்மேல் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. பிளேன் எழுப்பிய காற்றில் முக்காலி சாய்ந்து பக்கவாட்டில் கிடந்தது.

மச்சான் என் பக்கத்தில் படுத்திருந்தார். கம்பு இன்னும் கையில் இருந்தது. முக்காலியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நான் அதுக்கு மேலதானே நிண்டன்," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. பிறகு, "நல்லா நொந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

பிளேன் பெரிதாகச் சுற்றி, வழமைபோல வாவிப் பக்கத்தால் வந்து, காற்று பின்னால் தள்ள நீளமாக ஓடி, களவெட்டிக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் நின்றது. அதிலிருந்து இறங்கியவன் எங்களைவிட இளமையாக இருந்தான். முகம் சிவந்து வேர்த்திருந்தது. குவியலையும் கொடியையும் பார்த்துக்கொண்டு நேரே நடந்து வந்தான். மாமா என் கையைப் பிடித்தார்.

"சப்பாத்தக் கழட்டச் சொல்லு மனே. உன்ட செருப்புக்கே பூதத்துக்கு என்ன மடை படைக்கிறதெண்டு தெரியாம நிக்கிறன்."

நான் கையால் காட்டினேன். அவன் என் காலைப் பார்த்தான். என் செருப்பில் ஒன்று குவியலுக்குள் புதைந்து போயிருந்தது, மற்றது காலில் கிடந்தது. அதை நானும் கழற்றினேன். அவனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, திரும்ப அதிலேயே விட்டான். என்னவோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை.

பொழுது சாயும் நேரம் நானும் மச்சானும் கொட்டிலுக்குப் போனோம். பறங்கியருக்குக் காய்ச்சல் வேர்த்து இறங்கியிருந்தது. கட்டிலில் எழும்பி இருந்தார்.

"நீ ஏன் மென் அப்படி ஓடினாய்?" என்றார். "நீ வாசலைத் தாண்டவும் அவன் பதில் சொன்னான். ஆட்கள், எருமை, மேற்குப் பக்கம், கேட்டது எண்டான். இறங்கல்ல, பதிஞ்சு வந்து பாத்திட்டுப் போறன் எண்டான். கொஞ்சம் நிண்டிருந்தா உன்ட காதாலேயே கேட்டிருப்பாய்."

நான் பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவன் ஓடி வந்ததும் வீண். பொலிக்கு மேல ஏறினதும் வீண். நான் அடிச்சதும் வீண்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பதில் சொல்லாம நிண்டது நாங்கதான்," என்று வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் விடியவே மாமா மிச்சக் கதிர்ச் சூட்டைப் பக்கத்து வட்டைக் களவெட்டிக்கு ஏற்றச் சொன்னார். வண்டில்கள் போனபின், மேற்குக் கோடிவரை நானே நடந்துபோய்ப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் சந்தேகம் வந்து மறுபடி போய்ப் பார்த்தேன். கிளறிய மண்ணும் கொஞ்சம் பதரும் தவிர ஒன்றும் இல்லை.

காலை வெயில் ஏறும்போது பெட்டி கரகரத்தது. நான் இன்னான், கடலுக்கு மேலே நிற்கிறேன். அதே குரல்.

"ஓம் ஓம், வா மனே," என்றேன் வழமைபோல.

பறங்கியர் கட்டிலில் கிடந்தபடி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பொத்தானை அமத்திச் சொல்லு, மென்."

அமத்தினேன். "வெஸ்ட் சைட்," என்றேன். "நோ மேன்."

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. இந்தமுறை நான் எங்கும் ஓடாமல் அதன் முன்னாலேயே இருந்தேன். பிறகு அவன் ஒரு சொல் சொன்னான், கேட்டது என்று.